அனாதைப் படையணியின் கதையைச் சொன்ன நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் போர் வரலாறு பேசும் காணொளி நண்பர்களுக்கு,

வணக்கம். நான் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரத்தில் பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். போன மாதம் மதுரையிலிருந்து அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு காணொளி அனுப்பினான். "மாமா, இது உங்க ஊர்ப் படையாமே? வேற லெவல்!" என்று கீழே ஒரு வரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் நின்று சண்டை போட்ட, "அனாதைப் படையணி" என்று பெயர் வாங்கிய கெண்டக்கி படையணியின் கதை அது. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் இதே கதையைத் தமிழில் சொல்லியிருப்பதைத் தேடிப் பார்த்தேன். மூன்றையும் முழுசாகக் கேட்டேன். அதனால் யார் பெயரையும் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உழைத்திருக்கிறீர்கள். ஷைலோ, சிக்கமாகா, ஜோன்ஸ்பரோ என்று ஊர்ப்பெயர்களை நாக்கு பிறழாமல் சொல்வதே சிரமம். சின்ன வயதில் எனக்கு இப்படி யாராவது தமிழில் சொல்லியிருந்தால் வரலாற்றுப் பாடத்தில் தூங்கியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு காணொளி நாற்பது நிமிடம் ஓடுகிறது. அதில் "அடிமை" என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. "அனாதை" என்ற சொல் வந்துகொண்டே இருக்கிறது, பின்னணியில் வயலின் வேறு. இந்த மடல் அந்த இரண்டு சொற்களைப் பற்றியதுதான்.

கதை தெரியாதவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

1861 ஏப்ரலில், நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் போர் தொடங்கியபோது கெண்டக்கி இரண்டு பக்கமும் சேரவில்லை. மே மாதம் நடுநிலை என்று அறிவித்துவிட்டது. வடக்கின் தலைவர் லிங்கன் 1809-ல் பிறந்தது இந்த மாநிலத்தில். தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் 1808-ல் பிறந்ததும் இதே மாநிலத்தில்தான். பங்காளிச் சண்டையில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புவதற்கு முன்னால், யாருடைய சோறும் எனக்கு வேண்டாம் என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்ளும் தாத்தா மாதிரி கொஞ்ச நாள் இருந்து பார்த்தது. அது பலிக்கவில்லை. செப்டம்பரில் தெற்குப் படை கொலம்பஸ் என்ற ஆற்றங்கரை ஊருக்குள் நுழைந்தது. உடனே வடக்கு ஜெனரல் கிராண்ட் பாடுகா என்ற ஊரைப் பிடித்தார். மாநிலச் சட்டமன்றம் வடக்குப் பக்கம் சாய்ந்தது.

அதற்கு முன்பே, ஜூலையில், தெற்குக்காகச் சண்டை போட விரும்பிய இளைஞர்கள் எல்லையைத் தாண்டி டென்னஸி மாநிலத்துக்குள் கேம்ப் பூன் என்ற முகாமில் கூட ஆரம்பித்திருந்தார்கள். சொந்த மாநிலத்தில் ஆள் சேர்க்க முடியாததால் பக்கத்து மாநிலத்தில் முகாம். அங்கே உருவான ரெஜிமெண்டுகளில் இரண்டாவது, நான்காவது, ஆறாவது, ஒன்பதாவது, பின்னால் வந்து சேர்ந்த ஐந்தாவது ஆகியவைதான் இந்தப் படையணியின் உடம்பு. கூடவே ஒன்றிரண்டு பீரங்கிப் பிரிவுகள். நான்கு வருடத்தில் மொத்தம் 4,000 பேர் அளவில் இதில் இருந்திருப்பார்கள் என்பார்கள். ஒரு போரின் கணக்கில் இது சின்னக் கூட்டம்தான்.

தலைவர் ஜான் ப்ரெக்கின்ரிட்ஜ். இவரைப் பற்றி நீங்கள் மூவருமே "முன்னாள் அரசியல்வாதி" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இவர் 1857 முதல் 1861 வரை அமெரிக்காவின் துணை அதிபர். பதவிக்கு வந்தபோது வயது 36. அந்த நாட்டில் அவ்வளவு சின்ன வயதில் துணை அதிபர் ஆனவர் வேறு யாரும் இல்லை. 1860 அதிபர் தேர்தலில் லிங்கனை எதிர்த்து நின்றவர். தேர்வாளர் வாக்கில் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகளின் வாக்கு) 72 வாங்கி இரண்டாவது இடம் பிடித்தவர். சொந்த மாநிலமான கெண்டக்கியிலேயே தோற்றார். அப்புறம் செனட்டர் ஆனார். 1861 அக்டோபரில், செனட்டின் ஆறு வருடப் பதவியைக் கொடுத்துவிட்டு ஒரு சிப்பாயின் துப்பாக்கியைப் பெருமையோடு வாங்கிக்கொள்கிறேன் என்று அறிக்கை விட்டார். டிசம்பரில் செனட் அவரை நீக்கியது. அவர் 1860-ல் எந்தக் கொள்கைக்காக நின்றார் என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதுதான் உங்கள் கதையில் விடுபட்ட இடம்.

1862 பிப்ரவரியில் தெற்குப் படை கெண்டக்கியை விட்டுப் பின்வாங்கியது. அந்தப் பையன்கள் குளிரில் மாநில எல்லையைத் தாண்டித் தெற்கே நடந்தார்கள். அதற்குப் பிறகு படையணியாக அவர்கள் ஊர் திரும்பவே இல்லை. விடுப்பு கிடைத்தாலும் போக வீடு இல்லை, வீடு இருப்பது எதிரி வசம். ஆள் செத்தால் பதிலுக்கு ஊரிலிருந்து புது ஆள் வர வழி இல்லை. கடிதம் வருவதே அபூர்வம். மற்ற மாநிலப் படையணிகளுக்கு ஊரிலிருந்து காலுறையும் கம்பளியும் வரும்; இவர்களுக்கு அதுவும் கிடையாது. அனாதை என்ற பெயருக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஸ்டோன்ஸ் ஆற்றங்கரையில் நடந்தது, அதற்கும் வருகிறேன். ஆனால் அந்தப் பெயர் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது போர் முடிந்து, கிழவர்களாகிக் கூடிப் பேசிய காலத்தில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போரின் நடுவில் இட்ட பெயருக்கும், முப்பது வருடம் கழித்து ஏக்கத்தோடு இட்ட பெயருக்கும் வித்தியாசம் உண்டு.

ஷைலோ சண்டையை நீங்கள் விரிவாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆளுநர் ஜார்ஜ் ஜான்சன் செத்ததை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் ஆச்சரியம். தெற்கு ஆதரவாளர்கள் 1861 நவம்பரில் ரஸல்வில் என்ற ஊரில் கூடி ஒரு போட்டி அரசாங்கம் அமைத்தார்கள். அதன் ஆளுநர் இவர். ஆள மாநிலமே இல்லாத ஆளுநர். ஷைலோவில் முதல் நாள் குதிரை சுடப்பட்டது. மறுநாள் நான்காவது ரெஜிமெண்டில் சாதாரணச் சிப்பாயாகப் பதிவு செய்துகொண்டு வரிசையில் நின்றார். அன்றே குண்டடி பட்டு, எதிரிகளின் கப்பலில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பேட்டன் ரூஜ் பக்கம் நான் அதிகம் நிற்கவில்லை. 1862 ஆகஸ்ட் 5. சண்டையைவிட லூசியானா சதுப்பு நிலத்துக் காய்ச்சல்தான் அதிகம் பேரைச் சாய்த்தது. விடியும் முன் இருட்டில் சொந்தப் படையே தவறுதலாகச் சுட்டதில் செத்தவர்களில் ஒருவர் அலெக்ஸாண்டர் டாட். லிங்கனின் மனைவி மேரிக்குத் தம்பி முறை. லிங்கன் மாளிகையில் அந்தச் சாவுக்கு வெளிப்படையாக அழவும் முடியாது. எங்கள் லெக்சிங்டனில் மேரி டாட் வளர்ந்த வீடு இன்னும் இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தம்பி ஞாபகம்தான் வருகிறது.

சரி, ஏசா லூயிஸுக்கு வருவோம்.

உங்கள் மூவரில் யாருமே இவரைச் சொல்லவில்லை. ஆறாவது ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்தொன்பது வயதுக் கார்ப்பரல். தைரியசாலி என்று பெயர் எடுத்தவர். ஒரு வருட ஒப்பந்தம் முடிந்தது. அப்பா இல்லாத வீடு, அம்மா தனியாக நிலத்தோடு போராடிக்கொண்டிருக்கிறாள், விதைக்கிற காலம். போய் உழுது விதைத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பியவர் என்பதுதான் படையணியில் நின்றுபோன கதை. பிடித்துக்கொண்டு வந்து, ஓடிப்போன குற்றத்துக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். சேனைத் தலைவர் ப்ராக்ஸ்டன் ப்ராக். ப்ரெக்கின்ரிட்ஜ் உட்பட அதிகாரிகள் போய்க் கெஞ்சினார்கள். ப்ராக் அசையவில்லை. அவருக்கு ஏற்கெனவே கெண்டக்கிக்காரர்கள் மேல் எரிச்சல். அந்த வருடம் கோடையில் கெண்டக்கிக்குள் படையெடுத்துப் போனபோது, புதிதாகச் சேரப்போகிறவர்களுக்கென்று ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை வண்டியில் ஏற்றிப் போயிருந்தார். வாங்க ஆள் வரவில்லை. அந்தத் துப்பாக்கிகள் அப்படியே திரும்பி வந்தன. அந்தப் படையெடுப்பில் சேர்ந்து ஊர் பார்த்துவிடலாம் என்று இந்தப் படையணியும் ஓடி ஓடி வந்தது. கம்பர்லாந்து கணவாயை நெருங்கும்போது, ப்ராக் பெர்ரிவில்லில் சண்டை போட்டுவிட்டுப் பின்வாங்கிவிட்டார், திரும்புங்கள் என்று உத்தரவு வந்தது. அந்த மலைக்கு அந்தப் பக்கம் வீடு.

1862 டிசம்பர் 26, மர்ஃப்ரீஸ்பரோ. மழை. படையணியை மூன்று பக்கமாக நிற்க வைத்து, நடுவில் ஏசா லூயிஸைச் சுட்டார்கள். சுட்டது எதிரி இல்லை. குதிரை மேல் இருந்த ப்ரெக்கின்ரிட்ஜ் அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் முன்னால் சரிந்துவிட்டார், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைவுக்குறிப்புகளில் வருகிறது. ஒரு படையணியின் கதையைச் சொல்லும்போது எதிரியைக் கொன்ற கணக்கை மட்டும் சொன்னால் போதாது. ஒரு தாயின் நிலத்தை உழப் போனவனை அந்தச் சேனை என்ன செய்தது என்பதும் அந்தப் படையணியின் வரலாறுதான். இதைச் சொன்னால் வீரக்கதையின் சுருதி குறையும் என்று விட்டீர்களா, கண்ணில் படவில்லையா, எனக்குத் தெரியாது.

அதற்கு ஐந்தாவது நாள் ஸ்டோன்ஸ் ஆற்றுச் சண்டை தொடங்கிவிட்டது. டிசம்பர் 31-ம் தேதி பெரும் சண்டை. ஜனவரி 1 அன்று இரண்டு பக்கமும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, குளிரில் நடுங்கிக்கொண்டு காயம்பட்டவர்களைப் பொறுக்கினார்கள். ஜனவரி 2 மாலை நான்கு மணிக்கு ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த மேட்டைப் பிடிக்கச் சொல்லி ப்ரெக்கின்ரிட்ஜுக்கு உத்தரவு. அவர் காலையிலேயே போய்ப் பார்த்திருந்தார். மேட்டைப் பிடிக்கலாம், ஆனால் எதிர்க்கரையில் அதைவிட உயரமான இடம் எதிரியிடம் இருக்கிறது, அங்கிருந்து பீரங்கியால் அடித்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டோம் என்று தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். ப்ராக் கேட்கவில்லை. படையணித் தலைவர் ரோஜர் ஹான்சன் கோபத்தில், நான் நேரே போய் ப்ராக்கைக் கொன்றுவிட்டு வருகிறேன் என்று கிளம்ப, தடுத்து நிறுத்தினார்கள். நான் செத்துப்போனால் இந்தத் தாக்குதல் புத்தியில்லாத வேலை என்று நான் நம்பினேன் என்பதை மக்களிடம் சொல்லுங்கள் என்று ப்ரெக்கின்ரிட்ஜ் ஒரு சக ஜெனரலிடம் கேட்டுக்கொண்டார்.

போனார்கள். மேட்டைப் பிடித்தும் விட்டார்கள். ஓடும் எதிரியைத் துரத்தி ஆற்றங்கரை வரை வந்தபோது எதிர்க்கரையில் வரிசையாக நிறுத்தியிருந்த 57 பீரங்கிகள் திறந்துகொண்டன. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ப்ரெக்கின்ரிட்ஜின் பிரிவில் 4,500 பேர் அளவில் போனவர்களில் 1,700 பேருக்கு மேல் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். ஹான்சனுக்குக் காலில் ரத்தக்குழாய் அறுந்து இரண்டு நாளில் உயிர் போனது. மிஞ்சியவர்களின் வரிசை நெடுக ப்ரெக்கின்ரிட்ஜ் குதிரையில் அழுதபடி, "என் பாவப்பட்ட அனாதைகளே" என்று புலம்பினார் என்பது பெயருக்கான இரண்டாவது கதை.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகவே சொன்னீர்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு விஷயம் விட்டுவிட்டீர்கள்.

ஒன்று, அந்த 57 பீரங்கிகளைத் திரட்டியவர் கேப்டன் ஜான் மெண்டன்ஹால். திரட்டச் சொன்ன ஜெனரல் தாமஸ் க்ரிட்டெண்டன். இவரும் கெண்டக்கிக்காரர். இவருடைய அப்பா செனட்டர் ஜான் க்ரிட்டெண்டன், போர் வராமல் தடுக்கக் கடைசி வரை சமரசம் பேசியவர். அண்ணன் ஜார்ஜ் தெற்குப் படையில் ஜெனரல். அந்த மாலையில் கெண்டக்கி கெண்டக்கியைத்தான் அடித்தது. ஊரைப் பிரிந்த அனாதைகள் என்று ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால், எதிர்க்கரையில் பீரங்கிக்குப் பின்னால் நின்றதும் அதே ஊர்தான் என்பது மறைந்துபோகிறது. சொல்லப்போனால், கெண்டக்கியிலிருந்து தெற்குப் பக்கம் போனவர்களைவிட வடக்குப் பக்கம் போனவர்கள் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இரண்டாவது, நடுவில் சும்மா கழிந்ததாக நான் சொன்ன அந்த ஜனவரி 1. நீங்களும் "ஒரு நாள் ஓய்வு" என்று தாண்டிப் போனீர்கள். 1863 ஜனவரி 1 அன்றுதான் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் மாலை இந்தப் பையன்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். எந்தப் பக்கத்துக்காக ஓடினார்கள் என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் அந்தக் கதையில் கிடையாது.

இப்போது அந்த 1860 தேர்தலுக்கு வருகிறேன். ப்ரெக்கின்ரிட்ஜ் நின்ற கட்சிப் பிரிவின் கொள்கை இதுதான்: அமெரிக்கா புதிதாகக் குடியேறும் பிரதேசங்களுக்கும் அடிமைகளைக் கொண்டுபோகலாம், அந்தச் "சொத்துரிமையை" மத்திய அரசு காக்க வேண்டும். அந்த வருட மக்கள்தொகைக் கணக்கில் கெண்டக்கியில் அடிமைகள் 2,25,483 பேர். ஐந்தில் ஒருவர். "மாநில உரிமைக்காகப் போராடினார்கள்" என்று ஒரு காணொளியில் வருகிறது. எதைச் செய்வதற்கான உரிமை என்ற கேள்வியை ஏன் கேட்கவில்லை? அதுவும் இந்தப் படையணியின் விஷயத்தில் அந்த வாதமே நிற்காது. இவர்களுடைய மாநிலம் பிரியவில்லை. மாநிலத்தின் சட்டமன்றம் தெற்குப் படையை வெளியே போ என்றது. மாநிலத்தின் முடிவை மீறிப் போனவர்கள் மாநில உரிமைக்காகப் போனார்கள் என்றால் எப்படி?

உடனே, எல்லோருமா அடிமை வைத்திருந்தார்கள், பாதிப் பேர் ஏழை விவசாயிப் பிள்ளைகள்தானே என்று கேட்பீர்கள். நியாயம். ஏசா லூயிஸ் வீட்டில் விதைக்க ஆள் இல்லாமல்தான் அவனே போனான். அந்தப் பதினெட்டு, இருபது வயதுப் பையன்களை ராட்சதர்களாகக் காட்டச் சொல்லவில்லை. அப்படிக் காட்டுவதும் சோம்பேறித்தனம்தான். நண்பன் போனான் நானும் போனேன் என்று போனவர்கள் இருப்பார்கள். ஆனால் தனிமனிதன் ஏன் போனான் என்பது ஒரு கேள்வி. அவன் போய்ச் சேர்ந்த படை எதற்காக இருந்தது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடக் கூடாது.

பெஞ்சமின் ஹார்டின் ஹெல்ம் கதையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. மேரியின் தங்கை எமிலியைக் கட்டியவர், அதாவது லிங்கனுக்குச் சகலை. 1861-ல் லிங்கன் அவரைக் கூப்பிட்டு, ராணுவத்தில் சம்பளப் பட்டுவாடா அதிகாரி வேலை, மேஜர் பதவி தருகிறேன் என்றார். சண்டை போட வேண்டிய அவசியம்கூட இல்லாத வேலை. ஹெல்ம் யோசித்துவிட்டு மறுத்தார். தெற்குப் பக்கம் போய், ஹான்சனுக்குப் பிறகு இந்தப் படையணிக்கே தலைவரானார். 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா. படையணியில் மூன்றில் ஒரு பங்கு அன்று விழுந்தது. ஹெல்மும் குண்டடி பட்டு அன்றிரவு இறந்தார். அந்த டிசம்பரில் விதவை எமிலி லிங்கன் மாளிகைக்கு வந்து அக்காவோடு தங்கினார். எதிரி ஜெனரலின் மனைவி அதிபர் வீட்டில் இருக்கிறாள் என்று வாஷிங்டனில் முணுமுணுத்தார்கள். அவர் 1930 வரை வாழ்ந்தார். முதிய வீரர்களின் கூட்டங்களுக்குப் போவார். படையணியின் தாய் என்றே அவரைச் சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததை ஓட்டமாகச் சொல்கிறேன், நீங்களே வரைபடம் போட்டுக் காட்டிவிட்டீர்கள். மிஷனரி ரிட்ஜ். 1864 மே 28, ஜார்ஜியாவில் டல்லஸ் என்ற இடத்தில் தாக்குதலை நிறுத்தும் உத்தரவு வந்து சேராமல் படையணி தனியாகப் போய் மாட்டிக்கொண்டது. அட்லாண்டா வரை தினம் ஒரு பதுங்குகுழி. செப்டம்பர் 1, ஜோன்ஸ்பரோவில் பெரும்பகுதி பிடிபட்டது. கைதிப் பரிமாற்றத்தில் திரும்பி வந்தார்கள். மிஞ்சியவர்களுக்குக் குதிரை கொடுத்தார்கள், பலருக்குச் சேணம் இல்லை. 1865 மே தொடக்கத்தில் ஜார்ஜியாவின் வாஷிங்டன் ஊரில் ஆயுதத்தை ஒப்படைத்தபோது எஞ்சியிருந்தது சில நூறு பேர்.

இங்கேதான் உங்கள் காணொளி முடிகிறது, சூரிய அஸ்தமனப் படத்தோடு. நான் என் வீட்டிலிருந்து தெற்கே இருபது மைல் காரில் போகச் சொல்கிறேன்.

கேம்ப் நெல்சன். வடக்குப் படையின் சரக்குக் கிடங்காக 1863-ல் தொடங்கிய இடம். லிங்கனின் பிரகடனம் கெண்டக்கிக்குப் பொருந்தாது. கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டும்தான் அது. கெண்டக்கி கலகம் செய்யவில்லையே, அதனால் அங்கே அடிமை முறை சட்டப்படி தொடர்ந்தது. ஆனால் 1864-ல் கறுப்பின ஆண்கள் ராணுவத்தில் சேரலாம், சேர்ந்தால் விடுதலை என்று வழி திறந்தது. கேம்ப் நெல்சனில் மட்டும் 10,000 பேர் அளவில் சேர்ந்தார்கள். மாநிலம் முழுதும் 24,000 பேர் அளவில். நீங்கள் கொண்டாடும் படையணியைப் போல ஆறு மடங்கு.

சேர்ந்தவனுக்கு விடுதலை. அவன் மனைவிக்கும் பிள்ளைக்கும் கிடையாது. அவர்கள் இன்னும் எஜமானின் சொத்து. விட்டுவிட்டு வந்தால் அடி விழும் என்பதால் குடும்பத்தோடு வந்தார்கள். முகாமுக்குள் குடிசை போட்டுக்கொண்டார்கள். 1864 நவம்பர் கடைசியில், உறைபனியில், முகாமின் தளபதி அந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் விரட்டச் சொன்னார். சுமார் 400 பேர். துப்பாக்கியைக் காட்டி வண்டியில் ஏற்றினார்கள். குடிசைகளை அழித்துக் கொளுத்தினார்கள். செய்தது வடக்குப் படை, விடுதலை தருவதாகச் சொன்ன படை.

ஜோசப் மில்லர் என்ற சிப்பாய் அதைப் பற்றிச் சத்தியப்பிரமாண வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அது ஆவணத்தில் இருக்கிறது. ஏழு வயது மகனுக்கு உடம்பு சரியில்லை, வெளியே அனுப்பினால் செத்துவிடுவான் என்று காவலனிடம் சொல்லிப் பார்த்தார். ஏற்றிவிட்டார்கள். ராத்திரி, கிட்டத்தட்ட ஆறு மைல் நடந்து தேடிப் போனார். ஒரு பழைய கூட்டக் கூடத்தில் குடும்பம் குளிரில் உட்கார்ந்திருந்தது. பையன் செத்துக் கிடந்தான். இரவே முகாமுக்குத் திரும்ப வேண்டும், வேலை இருக்கிறது. மறுநாள் காலை மறுபடி நடந்துபோய், தன் கையால் குழி தோண்டி மகனைப் புதைத்துவிட்டு, குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் மீதிக் குடும்பமும் போனது, அவரும் போனார். விரட்டப்பட்டவர்களில் 102 பேர் செத்ததாகக் கணக்கு. செய்தி வடக்கே பத்திரிகைகளில் வெடித்தது. 1865 மார்ச்சில், கறுப்பினச் சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. மகனைப் புதைத்த மில்லருக்கு அந்தச் சட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இவர்களுக்கு யாரும் அனாதைகள் என்று பெயர் வைக்கவில்லை. வயலின் வாசிக்கவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதே மாநிலம், அதே குளிர், வீடு திரும்ப முடியாத அதே நிலை.

போருக்குப் பிறகு கெண்டக்கி செய்ததும் வேடிக்கைதான். போர் முடிந்த பிறகுதான் கெண்டக்கி பிரிந்தது என்று இங்கே ஒரு கேலிப் பேச்சு உண்டு. தோற்ற பக்கத்து அதிகாரிகள் ஆளுநர்களானார்கள், நீதிபதிகளானார்கள். 1882-ல் ப்ளூ லிக் ஊற்றுப் பக்கம் படையணியின் முதல் மறுகூடல் நடந்தது. அங்கே ஆரம்பித்ததுதான் இந்தக் கண்ணீர்க் கதை. 1887-ல் ப்ரெக்கின்ரிட்ஜுக்கு லெக்சிங்டன் நடுவே, சீப்சைடு என்ற இடத்தில் சிலை வைத்தார்கள். சீப்சைடு என்றால் என்ன தெரியுமா? போருக்கு முன் அடிமைகளை ஏலம் விட்ட சந்தை. அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தத்தைக் கெண்டக்கி 1865-ல் நிராகரித்தது. ஒப்புதல் கொடுத்தது எப்போது? 1976-ல். எழுத்துப்பிழை இல்லை, என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2017-ல் ஓர் அக்டோபர் மாலை அந்தச் சிலையைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். நான் வேலை முடிந்து வரும் வழியில் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். பக்கத்தில் ஒரு வயதான கறுப்பின அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். சிலையை இப்போது லெக்சிங்டன் கல்லறைத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். ப்ரெக்கின்ரிட்ஜின் சமாதியும் அங்கேதான். எனக்கு அது சரியான இடமாகவே படுகிறது. சந்தை நடந்த இடத்துக்கு ஹென்றி டேண்டி என்ற கறுப்பினக் கட்டட ஒப்பந்தக்காரரின் பெயர் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் அங்கே உழவர் சந்தை. நான் கீரை வாங்குவது அங்கேதான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காணொளியை எடுத்துவிடச் சொல்லவில்லை. படையணியின் தைரியத்தைக் குறைத்துச் சொல்லவும் சொல்லவில்லை. அந்த மேட்டில் ஏறியவர்களின் தைரியத்தை யார் மறுக்க முடியும்? அடுத்த பாகம் போடுகிறீர்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஏசா லூயிஸுக்கு ஐந்து நிமிடம், ஜோசப் மில்லருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். 2,25,483 என்ற எண்ணைத் திரையில் ஒரு தடவை காட்டுங்கள். கேம்ப் நெல்சன் 2018 முதல் தேசிய நினைவிடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. படம் எடுத்து அனுப்ப வேண்டுமென்றால் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துத் தருகிறேன். என் போன் கேமரா சுமார்தான், சமாளித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனுக்கும் இதை அனுப்பப் போகிறேன். அவன் படிப்பானா என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. ஸ்டோன்ஸ் ஆற்று வரைபடத்தில் ஒருவர் 57 பீரங்கிகளையும் ஆற்றின் கிழக்குக் கரையில் போட்டிருக்கிறார். அவை மேற்குக் கரையில் இருந்தன. கிழக்கே போட்டால் ப்ரெக்கின்ரிட்ஜ் குச்சியால் கோடு கிழித்து எதைக் காட்டினார் என்பதே பார்ப்பவருக்குப் புரியாது. அதையும் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
லெக்சிங்டனிலிருந்து உங்கள் நேயர் ஒருவர்